ஜெஸ்ஸுக்குக் குரைக்கக் கற்றுக்கொடுத்தவர்

டெஸ் ஹாஸ்கெல் பொறாமைக்காரர். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவதுதான் நல்லது. எங்கள் பள்ளத்தாக்கில் அவரைப் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்று இழுப்பார்கள், அந்த "ஆனா"வைத் தாண்டி ஒருத்தரும் போகமாட்டார்கள். பக்கத்துப் பண்ணையில் புது வேலி போட்டால் இவருக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. தங்கச்சி மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனபோது வாழ்த்து அட்டை வாங்கி, எழுதி, ஒட்டி, அனுப்பாமலே அலமாரியில் வைத்திருந்தார். நாய் விஷயத்தில் மட்டும் அவருக்கு அந்த வியாதி கிடையாது. காரணம் பெருந்தன்மை இல்லை. அவருடையதைவிட நல்ல நாய் யாரிடமும் இருந்ததில்லை, அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயசில் அந்தப் பொறாமையும் வந்து சேர்ந்தது.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஆர்ட்லாக் பண்ணையில் அவர் முப்பத்தொரு வருஷமாக ஆடு மேய்ப்பவர். கல்யாணம் ஒன்று ஆகி, ஒன்றரை வருஷத்தில் அந்தம்மா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லை. தனக்கென்று அவரிடம் இருந்தது மேல் வரிசை ஒன்றுதான். கோடை முழுக்க மலையில் கிடக்கும் மெரினோ ஆடுகளை, எங்களுக்குக் குளிர் தொடங்கும் ஏப்ரலில், பனி விழுவதற்கு முன்னால், கீழே இறக்குவோம். முகட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒருத்தர் தலைக்கு மேல் ஒருத்தராக ஏழெட்டுப் பேர் பிரிந்து நின்று, மலையைச் சீவிக்கொண்டே நடப்போம். எல்லாருக்கும் மேலே முகட்டை ஒட்டி நடப்பவருக்குத்தான் மேல் வரிசை. அங்கே தவறவிட்ட ஆடு பனியில் செத்த ஆடு. அதனால் மேலாளர் யாரை ரொம்ப நம்புகிறாரோ அவருக்குத்தான் அது கிடைக்கும். இருபத்திரண்டு வருஷமாக டெஸ்ஸுக்குத்தான் கிடைத்து வந்தது.

அவருக்கு அதை வாங்கிக் கொடுத்தது அவருடைய நாய்கள். கடைசியாக வந்தவள் ஜெஸ். பார்டர் கோலி வம்சம், கறுப்பு வெள்ளை, ஒரு கையில் தூக்கிவிடலாம். எங்கோ ஒரு கும்பல் ஆடு நின்றால், ஜெஸ் ஒரு பெரிய வட்டம் போட்டு ஓடி, அதுகளுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்வாள். படுத்துக்கொண்டு பார்ப்பாள். அவ்வளவுதான் வேலை. அந்தப் பார்வையைப் பார்த்த ஆடு கொஞ்சம் யோசிக்கும், பிறகு மரியாதையாகத் திரும்பி நடக்கும். நானூறு ஆட்டில் எது கிறுக்குத்தனம் பண்ணப் போகிறது என்று அந்த ஆட்டுக்குத் தெரியும் முன்னாலேயே ஜெஸ்ஸுக்குத் தெரியும். நாலு வருஷத்தில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. நாங்கள் அவளை ஊமைச்சி என்போம், டெஸ்ஸுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அக்டோபரில் ஹூரியா தவாய் வந்து சேர்ந்தாள். வடக்குத் தீவு மாவோரிப் பெண், முப்பத்து மூணு வயசு, காலில் அவள் அண்ணனுடைய பூட்ஸ், கயிற்றில் ட்ரம். ட்ரம், குரைத்தே ஆட்டை விரட்டும் ஹன்ட்அவே வகை நாய். கன்றுக்குட்டி உயரம், தொங்கும் காது, எந்நேரமும் எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற முகம். குட்டையைக் கண்டால் அதில் படுக்காமல் தாண்டமாட்டான். வந்த அன்றைக்கே சமையல்காரர் மெர்வுடைய இடது பூட்ஸைத் தின்றுவிட்டான். வாயைத் திறந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"இதுக்கு மூளை இருக்க வேண்டிய எடத்துலயும் தொண்டைதான் இருக்கு" என்றார் டெஸ். எல்லாரும் சிரித்தோம். ஹூரியாவும் சிரித்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தால் டெஸ் அதோடு விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் ஒருநாள் மேற்கு ஓடையில் அறுபது ஆடுகள் முள்புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஆள் உயர முள். ஜெஸ் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆடு நாயைப் பார்த்தால்தானே பார்வைக்கு வேலை? ஹூரியா ட்ரம்மை உள்ளே விட்டாள். எதிர்ச் சரிவிலிருந்து டெஸ் பைனாகுலரில் பார்த்தார். இந்தத் தடியன் கண்மண் தெரியாமல் குரைத்துக்கொண்டே ஓடுவான் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ட்ரம் ரெண்டு தடவை குரைத்தான், நிறுத்தினான். காதைத் தூக்கி, எங்கே கல் உருளுகிறது என்று கேட்டான். இடம் மாறிப்போய் இன்னொரு பக்கமிருந்து ஒரே ஒரு தடவை. மறுபடி கேட்டான். ஹூரியாவுக்கு அவன் இருக்கும் இடமே தெரியாது, அவள் விசிலும் அங்கே எட்டாது. அவனாகவே முடிவு பண்ணி, அவனாகவே வேலையை முடித்து, அறுபதையும் வெளியே தள்ளிவிட்டு, நேராகப் போய் ஓடையில் படுத்துக்கொண்டான்.

டெஸ்ஸுக்குப் பைனாகுலரை இறக்க மனசு வரவில்லை. வயிறு எரிந்தது. எரிச்சல் என்று நாம் சும்மா சொல்வோமே, அதில்லை. நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே காந்தியது. அன்றிலிருந்து ட்ரம்மின் குரல் கேட்கும்போதெல்லாம் அந்த இடம் காந்தும், அந்தக் குரலோ நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரியில் மேலாளர் ஆங்கஸ் ரீட் பட்டிக் கதவில் சாய்ந்துகொண்டு பேச்சை எடுத்தார். அவரும் டெஸ்ஸும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம்.

"இந்த வருஷம் மேல் வரிசை யாருக்குன்னு யோசிச்சிட்டிருக்கேன், டெஸ்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"முள்ளு வருஷா வருஷம் மேல ஏறுது, நீயே பாக்கற. ஜெஸ் தங்கம், நான் இல்லேங்கல. கொஞ்சம் குரைக்க மட்டும் தெரிஞ்சிருந்தா நான் இன்னொரு ஆளப் பத்தி நெனைக்கவே மாட்டேன்."

டெஸ் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

ஹன்ட்அவே குட்டிக்குக் குரைக்கப் பழக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஆட்டுக்கு எதிரே நாயைக் கட்டிப்போட்டு, போகவிடாமல் வெறுப்பேற்றி, பக்கத்தில் நின்று நாமே குரைக்க வேண்டும். நாய் பொறுக்க முடியாமல் ஒரு குரல் கொடுக்கும். உடனே தட்டிக்கொடுத்து, "பேசு, பேசு" என்று அந்தச் சொல்லைப் பதிய வைக்க வேண்டும். குரைப்பதற்கே பிறந்த குட்டிக்கு இது ரெண்டு நாள் வேலை. ஜெஸ்ஸுக்கு முப்பத்தொன்பது நாள் ஆயிற்று. கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால், நாலு கிடாய்களுக்கு முன்னால், ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் முட்டி போட்டுக்கொண்டு லொள் லொள் என்றார். ஜெஸ் தர்மசங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தாள். சொந்தக்காரர் குடித்துவிட்டு வந்தால் நாம் பார்ப்போமே, அந்த மாதிரி.

ஒருநாள் ஹூரியா மண்வெட்டி எடுக்க அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க, டெஸ்?"

"தொண்டை கட்டிருக்கு. சரி பண்றேன்."

"உங்களோடதையா, அவளோடதையா?"

டெஸ் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். ஹூரியா கிண்டலை விட்டுவிட்டு ஜெஸ்ஸின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"குரைக்கத் தெரியாம இவ பேசாம இருக்கல டெஸ். அதான் இவ புத்தியே. அதப் போயி ஏன் கலைக்கிறீங்க?"

"உன் நாய்க்கு நான் பாடம் சொல்ல வந்தேனா?"

"நான் வந்த புதுசுல ஜெஸ்ஸப் பாத்துட்டு எனக்கு ஒரே பொறாமை. ட்ரம்முக்கும் அந்த மாதிரி பாக்கக் கத்துக்குடுக்கலாம்னு ஆட்டுக்கு முன்னாடி உக்கார வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டான்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். டெஸ்ஸுக்கு அது குத்திக்காட்டுவதாகத் தோன்றியது. "மண்வெட்டி அங்க இருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார்.

முப்பத்தொன்பதாவது நாள் ஜெஸ் ஒரு குரல் கொடுத்தாள். கரகரவென்று, பாதியில் உடைந்த குரல். டெஸ் தன் மதியச் சாப்பாட்டு ஆட்டிறைச்சி முழுவதையும் அவளுக்கே போட்டார். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மலையில் எல்லார் காதும் கேட்க இது நடக்க வேண்டும் என்று ஆசை அவருக்கு. ஆங்கஸிடம் மட்டும், "இந்த வருஷமும் எனக்கே குடு. ஏன்னு மேல வந்து தெரிஞ்சுக்குவ" என்றார். ஆங்கஸ் ஒத்துக்கொண்டார். மேல் வரிசை டெஸ்ஸுக்கு, அதற்குக் கீழே ரெண்டாம் வரிசை ஹூரியாவுக்கு. அடுத்த வருஷத்துக்கு இதைப் பார்த்து முடிவு பண்ணலாம் என்று பேச்சு.

ஏப்ரலில் மலையேறி மூணாவது நாள், முகட்டுக்குக் கீழே பாறை வழிக்கு வந்தோம். இந்தப் பக்கம் செங்குத்துச் சுவர், அந்தப் பக்கம் ஒரு குறுகலான பிளவு, நடுவில் ஒரு ஆடு மட்டும் போகிற தடம். அங்கே ஆட்டை யாரும் ஓட்டுவதில்லை. நாய் மேலே படுத்துக்கொண்டு பார்த்தால் போதும், ஒவ்வொன்றாகத் தானே போகும். நூற்றி நாற்பது ஆடு. ஜெஸ் மேலே படுத்திருந்தாள். முன்னாலிருந்தவை பாதித் தடம் வந்துவிட்டன. டெஸ் பின்னால் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, அவர் செய்ய வேண்டியது சும்மா நிற்பது மட்டும்தான்.

அப்போது இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. கீழே ஓடைக்குள்ளிருந்து ட்ரம் அரை மணி நேரமாக ஆடு கொண்டுவந்து தள்ளிக்கொண்டிருந்தான். ஆங்கஸ் ஆற்றங்கரையிலிருந்து எல்லாருக்கும் கேட்கப் பேசினார்: "ஹூரியா, முப்பது வருஷத்துல இப்படி ஒரு நாய நான் பாத்ததில்ல. அவனுக்கு இன்னைக்கு ஒரு ஆட்டுத் தொடை குடுக்கச் சொல்லு மெர்வ்கிட்ட."

முப்பது வருஷம் என்றால் டெஸ்ஸின் நாய்கள் அத்தனையும் அதில் அடக்கம். மறுபடி நெஞ்சுக்குக் கீழே காந்தியது. கீழே ட்ரம் வேலையை முடித்துவிட்டான், மலை முழுக்க அமைதி. ஒரு குரல் கொடுத்தால் எல்லாருக்கும் கேட்கும்.

"பேசு" என்றார் டெஸ்.

ஜெஸ் காதை மட்டும் பின்னால் மடித்தாள். அசையவில்லை. அவளுக்குத் தடம் தெரியும், பிளவு தெரியும், ஆடு தெரியும். சொன்ன சொல்லைக் கேட்காமல் அப்படியே கிடந்தாள். நாலு வருஷத்தில் அவள் அவர் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"பேசு" என்றார் அவர் மறுபடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜெஸ் குரைத்தாள். பாறைச் சுவர் அதை வாங்கிப் பத்தாகத் திருப்பிக் கொடுத்தது. பின்னாலிருந்த ஆடுகள் முன்னால் நெட்டின, முன்னால் இருந்தவை பிளவுக்குள் சரிந்தன, அதன் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. அடியில் கிடந்தவை மூச்சு முட்டிச் செத்தன. டெஸ் குதித்து இறங்கி, கையில் கிடைத்த கம்பளியைப் பிடித்து இழுத்து இழுத்துப் போட்டார். ஹூரியா மேலே ஓடிவந்து கூடச் சேர்ந்து இழுத்தாள். முப்பத்தேழு ஆடு போயிற்று.

சாயங்காலம் மலைக் குடிலில் மெர்வ் ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஆங்கஸ்தான் ஆரம்பித்தார்.

"குரைச்சது எங்க எல்லாருக்கும் கேட்டுது, ஹூரியா."

"ட்ரம் அப்ப என் காலடியில படுத்திருந்தான்."

"மேல ரெண்டே வரிசை. ரெண்டே நாய். அவன் இல்லேன்னா யாரு? ஜெஸ்ஸா?"

ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். ஊமைச்சி குரைத்தாளாம். டெஸ்ஸும் உதட்டை அசைத்தார்.

"காலைல நான் புகழ்ந்ததுக்கு நல்லாத் திருப்பிக் குடுத்தான்" என்றார் ஆங்கஸ். "நாளைக்கு நீ அவனக் கூட்டிட்டுக் கீழ எறங்கிடு. ஒரு தடவ இப்படிப் பண்ணின நாய மறுபடி மலைக்கு விடமுடியாது. அவன என்ன பண்றதுன்னு நான் வந்தப்புறம் பேசிக்கலாம்."

என்ன பண்றது என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சுவரில் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஹூரியா டெஸ்ஸைப் பார்த்தாள். கொட்டகைக்குப் பின்னால் முட்டி போட்டிருந்தவரை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

மறைப்பானேன், டெஸ்ஸுக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி அந்தக் குரல் கேட்காது. மேல் வரிசை சாகிற வரைக்கும் அவருக்குத்தான். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னால் மறுக்கலாம். அவள் சொல்லா, அவர் சொல்லா என்று ஆகும். முப்பத்தொரு வருஷத்து ஆளையா, ஆறு மாசத்துப் பெண்ணையா, யாரை நம்புவார்கள் என்று பார்த்துவிடலாம். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

ஹூரியா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், ட்ரம்மைக் கட்டியிருந்த கம்பத்தடியில் உட்கார்ந்து, இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தாள்.

அதுதான் டெஸ்ஸைக் கொன்றது. காட்டிக்கொடுக்காமல் இருக்க அவளால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமை வந்தது அவருக்கு. தன்னால் அது முடிந்திருக்காது என்று நிச்சயமாகத் தெரியும். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கரண்டிகூட உள்ளே போகவில்லை. எழுந்து கதவைத் திறந்து ஜெஸ்ஸைக் கூப்பிட்டார். அவள் உள்ளே வந்து, இத்தனை பேரைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே படுத்தாள்.

"ஆங்கஸ், இங்க பாரு" என்றார். "பேசு, ஜெஸ்."

ஜெஸ் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"பேசு."

குடிலுக்குள் அந்த உடைந்த குரல் எழுந்து அடங்கியது. வெளியே ட்ரம் ஒரு தடவை பதில் குரைத்தான், ஹூரியா அவனை அடக்கினாள்.

"எத்தன நாளா?" என்றார் ஆங்கஸ்.

"பிப்ரவரிலேர்ந்து."

"மேல அதுவாக் குரைச்சுதா, நீ சொல்லியா?"

அதுவாத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ட்ரம்முக்கு இருந்த குண்டு ஜெஸ்ஸுக்குப் போகும், டெஸ் வேறு குட்டி வளர்த்துக்கொள்வார், மேல் வரிசையும் ஒருவேளை மிஞ்சும். அந்த எண்ணம் அவருக்கு வராமல் இல்லை.

"நான் சொல்லித்தான். ரெண்டு தடவ சொன்னேன். மொதத் தடவ அவ கேக்கல."

ஆங்கஸ் தட்டைத் தள்ளி வைத்தார். "முப்பத்தேழு ஆடு, டெஸ்" என்றார். பிறகு, "நாளைக்கு மேல் வரிசைக்கு ஹூரியா போகட்டும்" என்றார்.

ஹூரியா வாசலில் நின்றிருந்தாள். "நாளைக்குப் போற கிழக்குப் பக்கமும் பாறை வழிதானே? அங்க நான் ட்ரம்ம வெச்சுக்கிட்டுப் போகமாட்டேன். முள்ளுக்குள்ள அவன் ராஜா. பாறை வழில அவன் வாயத் தொறந்தா இதே கதைதான். ஜெஸ் இருந்தாப் போறேன்."

"அவ நாளைக்குப் பேசிட்டா?" என்றார் ஆங்கஸ்.

"யாராவது சொன்னாத்தானே பேசுவா. நான் சொல்லமாட்டேன்."

எல்லாரும் டெஸ்ஸைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் பெண்டாட்டியின் கடிதத்தைக்கூடப் பிறர் படிக்கக் கொடுத்தாலும் கொடுப்பார்கள், தன் நாயை இன்னொருத்தர் விசிலடித்து நடத்தக் கொடுக்கமாட்டார்கள். ஆங்கஸ் உத்தரவு போடவில்லை, கேட்டார். "குடுப்பியா?"

"என் விசில் ஹூரியாவுக்குத் தெரியாதே" என்றார் டெஸ். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எல்லாரும் படுக்கப் போனார்கள்.

விடியும்போது குடிலுக்குப் பின்னால் டெஸ்ஸும் ஹூரியாவும் நின்றார்கள். புல்லெல்லாம் உறைபனி. டெஸ் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். இடப்பக்கம் சுற்று, வலப்பக்கம் சுற்று, படு, மெதுவாக நட. இருபது வருஷமாக நாய்க்கு நாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வந்த விசில்கள். ஹூரியா மூணாவது தடவையிலேயே பிடித்துவிட்டாள். படுக்க வைக்கும் விசில் அவருடையதைவிட அவளுடையது இன்னும் மிருதுவாக வந்தது. அதற்கும் காந்தியது. ஜெஸ் போகமாட்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டிருந்தார் என்றே சொல்லலாம். யார் விசிலடித்தால் என்ன, என் காலடியை விட்டு அசையமாட்டாள் என்று.

ஹூரியா ட்ரம்மின் சங்கிலியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சரிவில் ஏறினாள். கொஞ்ச தூரம் போய், வலப்பக்கச் சுற்றுக்கு விசிலடித்தாள்.

ஜெஸ் எழுந்து ஓடினாள். வேலைக்குக் கிளம்பிய நாய் பாதி ஓட்டத்தில் எஜமானைத் திரும்பிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பெரிய குறை. குட்டியாக இருந்தபோது ஜெஸ்ஸுக்கு அந்தக் குறை இருந்தது, அடிக்கொரு தரம் திரும்பி டெஸ்ஸின் முகத்தைப் பார்ப்பாள். ஒரு குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டு அவர்தான் அதை மாற்றினார். இப்போது அவர் ட்ரம்மின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகட்டை எட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.